சிறுத்த இரைப்பையும் பாலுணவும்

மட்டக்களப்பினின்றும் பொத்துவிலை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருஞ்சாலை, பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனையினூடாகச் சென்று கல்முனையை அடைகின்றது. கைத்தறி நெசவினாற் பெயர்பெற்ற மருதமுனைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். வயல்களுக்கும் அப்பால், மட்டக்களப்பு அம்பாறை மாவட்டங்களின் உட்புறத்தே, பசுப்பட்டிகளும் எருமைப்பட்டிகளும் மேயும் தரைகள் உள்ளன. ஆங்குக் கறக்கப்படும் பாலின் ஒரு பகுதி மண்சட்டிகளிலே உறைந்து தயிராகிக் கரையோரக் கடைத்தெருக்களை வந்தடைகின்றது. விருந்தின் முடிவிலே தயிரும் பாணியும் பரிமாறுதல் இப்பகுதியின் வழக்கம். வீட்டுக்கு வந்தாரை வரவேற்பது பால்மா கலந்த தேநீர். நோயுற்றுத் தளர்ந்தார்க்கு அன்புடன் நீட்டப்படுவதும் பெரும்பாலும் ஒரு குவளைப் பாலேயாம்.

இத்தகைய ஊரிலே ஒருவர் மிகைப்பருமனும் நீரிழிவும் வருத்த, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்புகின்றார் எனக் கொள்வோம். வைத்தியர் புரதம் மிகுந்த உணவை உண்ணுமாறு பணித்துள்ளார். வீட்டார் பாலைக் காய்ச்சிச் சீனியிட்டுக் கொடுக்கின்றனர். குடித்த சிறு பொழுதினுள் அவருக்கு வயிறு முறுக்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது. “பால் இவருக்கு ஆகாது” என வீட்டார் முடிவு செய்து, அன்று தொடக்கம் பாலையுந் தயிரையும் அறவே விலக்குகின்றனர். வேறொரு வீட்டிலோ பாலும் பாணித்தயிரும் வருத்தமெதுவுமின்றி இறங்குகின்றன. ஆயின் இறங்கிய நிறை ஓராண்டின் பின் மெல்ல ஏறுகின்றது. முன்னவர் இழப்பது தசையையும் என்பையும். பின்னவர் இழப்பது சத்திரசிகிச்சையின் பயனை. இவ்விரு பிழைகளுக்கும் மூலம் ஒன்றே. பாலுணவு என்பதைத் தனிப்பொருளாகக் கருதி, ஆகும் அல்லது ஆகாது எனத் தீர்ப்பளித்தலே அம்மூலம். எப்பாலுணவு, எவ்வளவு, எப்பொழுது, எதனோடு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டாலன்றி அத்தீர்ப்பு முறையாகாது.

சத்திரசிகிச்சை பிறந்த வரலாறு

இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிய பின்னரும் மனிதர் உண்டு வாழ இயலும் என்பதை உலகு அறிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி, வியன்னா நகரிலே தியோடர் பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர், புற்றுநோயுற்ற ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சியதைக் குடலுடன் இணைத்தார். அப்பெண்மணி சத்திரசிகிச்சையிலிருந்து மீண்டார். சில மாதங்களின் பின் நோய் மீளப் பரவியமையால் இறந்தார். சத்திரசிகிச்சையின் பின் அவருக்குச் சிறிது சிறிதாக ஊட்டப்பட்ட உணவு புளித்த பாலாகும். சிறுத்த இரைப்பைக்கும் உறைந்து புளித்த பாலுக்கும் உள்ள உறவு இவ்வாறு பழமையானது.

புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்தே இருந்ததை வைத்தியர் பலரும் கண்டனர். அக்காட்சியைப் பருமன் நோய்க்கு மருந்தாக மாற்றியவர் அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் மேசன். அவர் 1966இல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறி, உடற்றிணிவுச் சுட்டெண் 40ஐ எட்டியவர்க்கும், 35ஐ எட்டி உடன்நோயும் உடையவர்க்கும் இச்சிகிச்சை தகும் என்றது. கிலோகிராமிற் கணித்த நிறையை, மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பதே அச்சுட்டெண். ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு முதலியன தோன்றுதலின், 2022இல் வெளியான அனைத்துலக நெறி, அவர்கள்பால் 27.5 என்னும் அளவிலிருந்தே இச்சிகிச்சையைக் கருதலாம் எனக் கூறுகின்றது.

இன்று பெருவழக்காயுள்ள முறைகள் இரண்டு. ஒன்றிலே இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நெடுக்காக வெட்டி நீக்கப்பட, எஞ்சியது சட்டையின் கைபோல ஒடுங்கிய குழாயாகின்றது. மற்றையதிலே இரைப்பையின் மேன்முனையில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை மாத்திரம் பிரிக்கப்பட்டு, இடைச்சிறுகுடலுடன் நேரே இணைக்கப்படுகின்றது. உணவு முன்சிறுகுடல் வழியே செல்லாது விலகிப் போகின்றது. 30 மில்லிலீற்றர் என்பது இரண்டு மேசைக்கரண்டி. இவ்வளவைக் கருத்திற் கொண்டாலன்றி மேல்வருவன விளங்கா.

உடல் வேண்டுவது

உணவு குறைந்தவிடத்து உடல் தன் சேமிப்பை எரித்து வாழும். எரிவது கொழுப்பு மாத்திரமாயின் நன்று. உணவிலே புரதம் போதாதவிடத்து உடல் தசையையும் கரைக்கும். நிறை இறங்கும், வலியும் இறங்கும். இதனாலேயே சத்திரசிகிச்சை பெற்றவர் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உண்ணவேண்டும் என விதிக்கப்படுகின்றது. முதல் மாதங்களிலே அவர் நாள் முழுதும் உண்பது பெரும்பாலும் ஆயிரம் கலோரியினுங் குறைவாகும். அச்சிற்றளவினுள் 60 கிராம் புரதத்தை அடக்குதல் எளிதன்று.

பாலின் சிறப்பு இங்கே வெளிப்படுகின்றது. பசும்பால் 100 மில்லிலீற்றரிலே ஏறக்குறைய 3.3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. அப்புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். எஞ்சியது பாலின் தெளிநீரில் நிற்கும் புரதம். தசையை வளர்த்தற்கு வேண்டிய அமினோவமிலங்கள் அனைத்தும் இவற்றில் உள்ளன. மென்று விழுங்க இயலாத நாட்களிலும் நீர்வடிவிலே கிடைக்கும் நற்புரதம் இதுவே.

ஆயினும் பால் ஒன்றினாலேயே 60 கிராமை நிரப்ப முயல்வது தவறு. அதற்கு 1.8 லீற்றர் பால் வேண்டும். அப்பாலோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட கலோரியும் 80 கிராமுக்கு மேற்பட்ட பால்வெல்லமும் உடன் வரும். ஆதலின் மெல்லக்கூடிய பருவம் வந்ததும் பால் துணையாக நிற்க, மீனும் முட்டையும் முன்னிற்றல் வேண்டும். ஒரு நாளிலே 100 கிராம் மீனால் ஏறக்குறைய 20 கிராமும், இரண்டு முட்டைகளால் 12 கிராமும், வடித்த தயிர் 150 கிராமினால் 13 கிராமும், பால் 200 மில்லிலீற்றரினால் 6 கிராமுமாக 51 கிராம் கிடைக்கும். பருப்பும் பிறவும் எஞ்சியதை நிரப்பும். கடலும் பட்டியும் அருகமைந்த ஊருக்கு இவை அரியனவல்ல.

பால்வெல்லமும் வயிற்று வருத்தமும்

மேற்கூறிய முதல் வீட்டிலே நேர்ந்தது யாது? பாலில் இலற்றோசு என்னும் வெல்லம் நூற்றுக்கு ஐந்து பங்களவு உண்டு. அதனைப் பிரிக்கும் இலற்றேசு என்னும் நொதியம் சிறுகுடலின் உட்சுவரிற் சுரப்பது. தாய்ப்பால் மறந்த பின்னர் அந்நொதியம் குறைதல் ஆசிய மக்களிற் பலர்க்கும் இயல்பு. எனினும் முழு இரைப்பை உணவைச் சிறிது சிறிதாகக் கீழே விடுதலால் அவர்கள் அக்குறையை உணராது வாழ்வர். மாற்றுவழிச் சத்திரசிகிச்சையின் பின் அவ்வாயிற்காவல் இல்லை. பால் விரைந்து குடலையடைய, பிரியாத வெல்லம் கீழ்க்குடலிற் புளித்து வாயுவையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்குகின்றது.

படபடப்பும் வியர்வையும் வேறொரு காரணத்தால் வருவன. செறிந்த இனிப்பு ஒருங்கே குடலுட் புகுங்கால், அதனை நீர்க்கச் செய்தற்குக் குருதியினின்றும் நீர் குடலினுள் இழுக்கப்படுகின்றது. உண்ட 10 முதல் 30 நிமிடத்துள் மயக்கமும் படபடப்பும் தோன்றுகின்றன. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தின் பின் இன்சுலின் மிகுந்து குருதியின் வெல்லம் தாழ்ந்து மீண்டுந் தளர்ச்சி வருதலும் உண்டு. இக்குறிகளுக்குப் பெருங்காரணம் பாலிலே கலந்த சீனியேயன்றிப் பாலன்று. சீனி நீக்கி, அரைக் குவளையினுங் குறைத்து, சிறு சிறு மிடறாகப் பருகியும் வருத்தம் நீங்காதாயின் அப்பொழுதே இலற்றோசை ஐயுறல் வேண்டும். அந்நிலையிலும் இலற்றோசு நீக்கிய பால், சோயாப்பால், தயிர் என வழிகள் உள.

சட்டித் தயிர்

பால் தயிராகுங்கால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் இலற்றோசின் ஒரு பகுதியை உண்டு இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலத்தாற் கேசீன் திரண்டு உறைகின்றது. உயிருள்ள அந்நுண்ணுயிர்கள் குடலுட் சென்று எஞ்சிய இலற்றோசையும் பிரிக்க உதவுகின்றன. திரண்ட தயிர் பாலினும் மெல்லவே இரைப்பையை விட்டு நீங்கும். இம்மூன்று காரணங்களாலும் பால் ஒவ்வாத பலர்க்குத் தயிர் ஒத்துக்கொள்கின்றது. பில்ரோத்தின் காலத்தில் அனுபவத்தால் அறிந்ததற்கு இன்றைய அறிவியல் தரும் விளக்கம் இது.

கிழக்குக் கரையின் சட்டித்தயிர் பெரும்பாலும் எருமைப்பாலினால் ஆவது. எருமைப்பாலிற் புரதமுங் கல்சியமும் பசும்பாலினும் மிகுதி. அதுபோலவே கொழுப்பும் மிகுதி. பசும்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்களவாக, எருமைப்பாலில் 7 முதல் 8 பங்கு உண்டு. தயிரின் மேல் தடித்து நிற்கும் ஏடு அக்கொழுப்பின் திரளே. ஏட்டை நீக்கி உண்பவர் கலோரியின் ஒரு பங்கை நீக்கியவராவார். புரதமோ கீழுள்ள தயிரிலேயே நிற்கின்றது.

மண்சட்டி தயிரின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சுதலால் தயிர் இறுகுகின்றது. இவ்விறுக்கத்தை மேலும் மிகுவித்தல் எவர்க்கும் எளிது. தயிரைக் கழுவிக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியிலிட்டுக் கட்டித் தொங்கவிட்டால் தெளிநீர் வடியும். அதனுடன் இலற்றோசின் ஒரு பகுதியும் நீங்கும். எஞ்சுவது 100 கிராமில் 8 முதல் 10 கிராம் வரை புரதமுடைய வடித்த தயிர். கல்சியத்தின் ஒரு பகுதியும் நீருடன் போகுமாயினும், இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் வயிற்றுக்குப் புரதச் செறிவே முதன்மையானது. நெசவாளர் ஊரிலே அதற்கு வேண்டிய துணிக்குக் குறைவில்லை.

தயிரைக் கெடுப்பது பாணி. கித்துட்பாணியாயினும் சீனிப்பாகாயினும் அதன் பெரும்பகுதி வெல்லமே. இயற்கையானது என்பதால் இரைப்பை அதனை வேறாகக் கருதாது. கடையில் விற்கும் பழச்சுவைத் தயிர், ஐஸ்கிறீம், பலூடா என்பனவும் பாலின் பெயரால் வரும் இனிப்புகளே. இவை மென்மையானவை, தடையின்றி வழுக்கிச் செல்வன. சோற்றையும் இறைச்சியையும் தடுக்கும் சிறிய இரைப்பை இவற்றைத் தடுப்பதில்லை. இரண்டாவது வீட்டிலே நிறை மீண்டும் ஏறியது இவ்வழியாலேயாம்.

தேநீர்க் கோப்பையும் தேங்காய்ப்பாலும்

இலங்கையிற் பால் என்றதும் பலர் கருதுவது பால்மாவையே. 2021, 2022ஆம் ஆண்டுகளிலே பால்மாத் தட்டுப்பாடு நேர்ந்தபோது நாட்டு மக்கள் அதனை எவ்வளவு சார்ந்துள்ளனர் என்பது தெளிவாயிற்று. முழுக்கொழுப்புப் பால்மாவில் நூற்றுக்கு 25 பங்கு புரதம், 27 பங்கு கொழுப்பு, 38 பங்கு இலற்றோசு என்னும் அளவில் உள்ளன. கோப்பையொன்றுக்குப் பால்மா 10 கிராமும் சீனி 10 கிராமும் இட்டு நாளொன்றுக்கு நான்கு கோப்பை பருகுவோர் 10 கிராம் புரதத்துக்காக 360 கலோரி கொள்கின்றனர். ஆயிரத்துக்குக் குறைந்த வரவிலே இஃது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ரின்பாலின் நிலை இதனினுங் கேடு. அதிற் பாதிக்கு மேல் வெல்லம். கொழுப்பு நீக்கிய பால்மாவில் நூற்றுக்கு 35 பங்கு புரதம் உண்டு; சீனியின்றிக் கொள்ளின் அது நற்றுணை. ஆயின் அதில் இலற்றோசு பாதியளவு இருத்தலின், பால் ஒவ்வாதார் அதனைத் தவிர்த்தல் நன்று.

ஈண்டுச் சொல்லால் விளையும் மயக்கம் ஒன்றையுங் குறித்தல் வேண்டும். கிழக்கிலங்கை அடுக்களையிலே “பால்” என்பது பெரும்பாலும் தேங்காய்ப்பாலைக் குறிக்கும். முதற்பால், இரண்டாம்பால் என்னும் வழக்கும் அதனைப் பற்றியதே. தேங்காய்ப்பாலிற் புரதம் மிகச் சிறிது. கல்சியம் அதனினுஞ் சிறிது. முதற்பாலிலே கொழுப்பு மிகுதி. பாற்சோறும் வட்டிலப்பமும் பாலுணவல்ல. வைத்தியர் “பால்” எனச் சொன்னதைத் தேங்காய்ப்பாலெனக் கொண்டு கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால், நோயாளி நாடிய புரதம் அவரை அடையாது போம்.

காலமும் முறையும்

சத்திரசிகிச்சையை அடுத்த ஓரிரு நாட்களிலே தெளிந்த நீர்ப்பொருள்களே தகும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு கிழமை வரை கொழுப்புக் குறைந்த பால், மோர், நீர்க்கக் கரைத்த தயிர் ஆகியன இடம்பெறும். பின்னர் மசித்த உணவு, மென்மையான உணவு என்னும் படிகளிலே வடித்த தயிர் சிறந்த துணை. ஒன்றரை முதல் இரண்டு மாத அளவில் வழக்கமான உணவு மெல்லத் திரும்பும். நாட்கணக்கு சத்திரசிகிச்சைக்கும் நோயாளிக்கும் ஏற்ப வேறுபடும். அதனை வகுப்பவர் வைத்தியரே. பட்டியினின்று வந்த பாலை எந்நிலையிலும் நன்கு காய்ச்சிய பின்னரே கொள்ளல் வேண்டும்.

உணவுடன் நீர்ப்பொருள் பருகலாகாது. உண்டபின் அரை மணி நேரமாவது கழிதல் வேண்டும். இவ்விதி பாலுக்கும் மோருக்கும் பொருந்தும். சோற்றின்மேல் மோரை வார்த்து உண்ணுதல் உணவைக் கழுவி விரைந்து கீழிறக்கும்; வயிறு நிறைந்த உணர்வும் அதனுடன் போம்.

கல்சியம் பெரிதும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலிலும் அதனையடுத்த பகுதியிலுமாகும். மாற்றுவழிச் சத்திரசிகிச்சை அவ்விடத்தையே ஒதுக்குகின்றது. உடல் தனக்கு வேண்டிய கல்சியத்தை என்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளின் பின்னரே அது முறிவாக வெளிப்படும். நாளொன்றுக்கு வேண்டிய 1200 முதல் 1500 மில்லிகிராம் வரையான அளவைப் பாலுந் தயிரும் மாத்திரம் நிரப்பமாட்டா. கல்சியக் குளிசையும் உயிர்ச்சத்து டீயும் தொடர்ந்து வேண்டும். இரைப்பை அமிலம் குறைந்தவர்க்குக் கல்சியம் சித்திரேற்று என்னும் வகை ஏற்றது. ஒருவேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராம் வரையே உடல் நன்கு ஏற்கும். இரும்புக் குளிசையைக் கல்சியக் குளிசையுடனும் பாலுடனும் தேநீருடனும் சேர்த்து உண்ணலாகாது. கல்சியத்துக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுதல் வேண்டும். பாலில் இரும்பு மிகச் சிறிது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மருதமுனை போன்ற ஊர்களிலே நோன்பு மாதம் தனிக் கவனத்துக்குரியது. சிறுத்த இரைப்பையுடையவர் நாளொன்றுக்கு வேண்டிய ஒன்றரை லீற்றர் நீரைப் பகல் முழுதும் மிடறு மிடறாகவே பருகவல்லவர். இரவின் சில மணி நேரத்திலே அதனை நிரப்புதல் கடினம். ஆதலாற் சத்திரசிகிச்சையை அடுத்த மாதங்களில் நோன்பு வேண்டாவென வைத்தியர் அறிவுறுத்துவர்; நோயுற்றார்க்கு மார்க்கமும் சலுகை அளித்துள்ளது. பின்னைய ஆண்டுகளிலே வைத்தியரின் இசைவுடன் நோற்போர், நோன்பு திறக்கும் வேளையிற் சர்பத்தையும் இனிப்பையும் குறைத்து, சஹர் வேளையிற் பாணியற்ற தயிரை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் வைத்தல் தகும். நீரிழிவுக்கு மருந்துண்போர் அம்மருந்தின் அளவை வைத்தியரிடம் மாற்றி அமைத்தல் இன்றியமையாதது.

அளவறிந்த அன்பு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அதன் பெரும்பகுதி உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசுகின்றது. கத்தியால் இரைப்பையைச் சிறிதாக்கும் இக்காலத்திலும் அவ்வறிவு தேவையற்றுப் போகவில்லை. சத்திரசிகிச்சை செய்வோர் அளவைக் குறைத்துத் தரலாம்; எதனால் அவ்வளவை நிரப்புவது என்பது வீட்டின் அடுக்களையிலே தீர்மானிக்கப்படுகின்றது.

சத்திரசிகிச்சையின் பின் நிறை விரைந்து இறங்குவது பெரும்பாலும் முதல் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை. அக்காலத்திலே படிந்த வழக்கமே பின்னாளிற் காவலாக நிற்கும். ஆதலால் நோயாளியின் அருகிருப்போரின் பங்கு பெரிது. தாய் மகனுக்குக் கொடுக்கும் இனிப்புப் பாலும், மகள் தந்தைக்கு ஊற்றும் பாணியும் அன்பின் வெளிப்பாடுகளே. அவ்வன்பு குறையவேண்டியதில்லை. தயிரின் ஏட்டை அகற்றி, தூய துணியிலே வடித்து, சீனியும் பாணியுமின்றி இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, மெல்ல உண்ணுமாறு அருகிருந்து பார்ப்பதும் அன்பே. தளர்ந்த உடலின் தசையும் என்பும் அவ்விரண்டு கரண்டியை நம்பியிருக்கின்றன.